இன்சுலின் தந்த டாக்டர் பாண்டிங்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



எங்கள் விடுதியில் ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். காலையில் எழுப்பும் மணி அடித்ததும் நாங்கள் எல்லோரும் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடுவோம். அவள் மட்டும் நோயாளிகள் அறைக்குப் போவாள். அங்கே அருட்சகோதரி குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து வைத்திருப்பார். குப்பியில் உள்ள மருந்தை அளந்து எடுத்து, அந்தத் தங்கை தானே தனக்கு ஊசி போட்டுக்கொள்வாள். அவள் விடுதிக்கு வந்த புதிதில், அது ஒட்டிக்கொள்ளும் வியாதி என்று நினைத்து அவள் தட்டைத் தொடவும் சிலர் அஞ்சினோம். அப்படி அஞ்சியவர்களுள் நானும் ஒருத்தி என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு விளையாட்டு விழாவுக்கான ஒத்திகை நடந்த ஒரு நாள், அவள் ஊசி போட்டுக்கொண்டு, இட்லியைச் சாப்பிடாமலே மைதானத்துக்கு ஓடி வந்துவிட்டாள். அணிவகுப்பில் எனக்குப் பக்கத்தில் நின்றவளுக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டியது. கைகள் நடுங்கின. என்னை வேறு ஒரு அக்காவின் பெயரால் அழைத்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெயிலினால் வந்த மயக்கம் என்றெண்ணி, மரத்தடியில் சற்றுத் தூங்கட்டும் என்று விட்டுவிட நினைத்தேன். நல்ல வேளையாக அருட்சகோதரி சர்க்கரை கரைத்த தண்ணீரோடு ஓடி வந்தார். கால் மணி நேரத்தில் அவள் தெளிந்து எழுந்தாள்.

அது வெயில் மயக்கம் அல்ல என்றும், உணவில்லாத உடலில் இன்சுலின் தன் வேலையைச் செய்ததால் வந்த ஆபத்து என்றும், தூங்கவிட்டிருந்தால் அவள் எழாமலே போயிருக்கக்கூடும் என்றும் பின்னர் அருட்சகோதரி எனக்கு விளக்கினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உயிரைக் காக்கவும், கவனம் தப்பினால் உயிரைப் பறிக்கவும் வல்ல இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் யார்? நூலகத்தில் தேடிப் படித்து நான் அறிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உழவர் வீட்டுப் பிள்ளை

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் அலிஸ்டன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஓர் உழவர் குடும்பத்தில் 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பிரெடரிக் பாண்டிங் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. நாம் குழந்தைகள் தினம் கொண்டாடும் அதே நாளில் பிறந்த இவர், பிற்காலத்தில் எத்தனையோ குழந்தைகளுக்கு மறுவாழ்வு தரப்போகிறார் என்பதை அன்று யார் அறிவார்?

பாண்டிங் வகுப்பில் முதலாவதாக வந்த மாணவர் அல்லர். 1910இல் டொரான்டோ நகரில் கல்லூரியில் சேர்ந்து பொதுப் பாடங்களைப் படித்தபோது முதலாண்டிலேயே தேறத் தவறினார். ஆயினும் மனம் தளரவில்லை. 1912இல் மருத்துவப் படிப்புக்கு மாறினார். முதல் உலகப் போர் மூண்டதால் மருத்துவர்கள் அவசரமாகத் தேவைப்பட்டனர். இவருடைய வகுப்பாரின் படிப்பு விரைவாக முடிக்கப்பட்டது. 1916 டிசம்பரில் பட்டம் பெற்றவுடனே அவர் இராணுவ மருத்துவப் பணியில் இறங்கினார். 1918இல் பிரான்சு நாட்டில் காம்பிரே என்னுமிடத்தில் நடந்த போரில் அவர் கையில் காயம் பட்டது. தம் காயத்தைப் பொருட்படுத்தாமல் மற்ற வீரர்களுக்குப் பல மணி நேரம் சிகிச்சை செய்தார். இத்துணிவுக்காக அவருக்கு இராணுவச் சிலுவை என்னும் பதக்கம் வழங்கப்பட்டது.

நான்கு டாலர் வருமானம்

போர் முடிந்து நாடு திரும்பிய பாண்டிங், 1920ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒன்டாரியோவிலுள்ள லண்டன் என்ற நகரில் மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். இது இங்கிலாந்தின் தலைநகரான லண்டன் அன்று. வாசலில் பெயர்ப் பலகையை மாட்டிவிட்டு நோயாளிகளுக்காகக் காத்திருந்தார். வாரங்கள் சென்றும் எவரும் வரவில்லை. முதல் மாதம் அவருக்குக் கிடைத்த மொத்த வருமானம் 4 டாலர் மட்டுமே. பிழைப்புக்காக அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகப் பாடம் நடத்தும் வேலையை ஏற்றுக்கொண்டார்.

அந்த வேலையே உலக வரலாற்றை மாற்றியது. 1920 அக்டோபர் 30ஆம் நாள் இரவு, நடத்த வேண்டிய பாடத்துக்காக அவர் கணையத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். அப்போது மோசஸ் பாரன் என்ற மருத்துவர் எழுதிய ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. படுத்தார், உறக்கம் வரவில்லை. விடியற்காலை இரண்டு மணி அளவில் எழுந்து, மனத்தில் பளிச்சிட்ட ஓர் எண்ணத்தைக் குறிப்பேட்டில் சில வரிகளில் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பில் நீரிழிவு நோயின் ஆங்கிலப் பெயரையே அவர் எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்! எழுத்துப் பிழைக்காக மதிப்பெண் இழக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது ஒரு சிறு ஆறுதல்.

கணையமும் சர்க்கரையும்

இங்கே நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற சுரப்பி இருக்கிறது. அது செய்யும் வேலைகள் இரண்டு. ஒன்று, உணவைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரப்பது. மற்றொன்று, இன்சுலினைச் சுரந்து நேராக இரத்தத்தில் கலக்கச் செய்வது. கணையத்துக்குள் சிறு தீவுகள் போல உள்ள உயிரணுக் கூட்டங்களே இன்சுலினைச் சுரக்கின்றன. 1869இல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் இவற்றை முதலில் கண்டார்.

நாம் உண்ணும் சோறும் இட்லியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை உயிரணுக்களுக்குள் நுழையக் கதவைத் திறந்துவிடும் சாவியே இன்சுலின். சாவி இல்லையேல் இரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழியும். உடலோ பட்டினி கிடக்கும். சிறுவர்களுக்கு வரும் வகையில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றே போகிறது. அவர்கள் அடிக்கடி தண்ணீர் குடிப்பார்கள். அடிக்கடி சிறுநீர் கழிப்பார்கள். எவ்வளவு உண்டாலும் மெலிந்துகொண்டே போவார்கள். அதிகம் இனிப்புத் தின்றதால் இந்நோய் அவர்களுக்கு வருவதில்லை. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதும் இல்லை.

அக்காலத்தில் இதற்கு மருந்தே கிடையாது. உணவை மிக மிகக் குறைத்து, பட்டினி போட்டு, நாட்களைச் சற்று நீட்டிப்பதே மருத்துவர்களால் முடிந்தது. எலும்பும் தோலுமான பிள்ளைகள் ஒரு துண்டு ரொட்டிக்கு ஏங்கியபடியே இறந்தனர்.

கணையத்தை அகற்றிவிட்டால் நாய்க்கு நீரிழிவு வருகிறது என்பதை 1889இலேயே மின்காவ்ஸ்கி, மேரிங் என்ற இருவர் காட்டியிருந்தனர். ஆனால் கணையத்தை அரைத்து மருந்து எடுக்க முயன்றவர்கள் முழு வெற்றி பெறவில்லை. செரிமான நீர் இன்சுலினை அழித்துவிடுகிறதோ என்று பாண்டிங் ஐயுற்றார். செரிமான நீர் செல்லும் குழாயைக் கட்டிவிட்டால், அந்நீரைச் சுரக்கும் பகுதி சில வாரங்களில் வாடிவிடும்; தீவுகள் மட்டும் எஞ்சும்; அப்போது மருந்தை எடுக்கலாம். இதுவே அவர் நள்ளிரவில் எழுதிய குறிப்பின் சாரம்.

கோடைக்காலச் சோதனை

டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மக்லியாட் இத்துறையில் வல்லுநர். பாண்டிங் அவரிடம் சென்று தம் எண்ணத்தைக் கூறினார். அனுபவமில்லாத இந்த இளைஞர் மீது பேராசிரியருக்கு முதலில் நம்பிக்கை பிறக்கவில்லை. இருப்பினும் ஓர் ஆய்வுக்கூடத்தையும், பத்து நாய்களையும், ஒரு மாணவரின் உதவியையும் அளித்தார். இரண்டு மாணவர்களுள் யார் முதலில் உதவுவது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். சார்லஸ் பெஸ்ட் என்ற 22 வயது மாணவருக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது.

1921 மே 17ஆம் நாள் வேலை தொடங்கியது. அக்கோடையில் ஆய்வுக்கூடம் அடுப்பங்கரை போலக் கொதித்தது. அறுவைச் சிகிச்சைகள் பல தோற்றன. நாய்கள் பல இறந்தன. எனினும் இருவரும் சலிக்கவில்லை. ஜூலை 30ஆம் நாள், நீரிழிவு உண்டாக்கப்பட்ட ஒரு நாய்க்குத் தாங்கள் எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தினார்கள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 200 மில்லிகிராமாக இருந்த சர்க்கரை ஒரு மணி நேரத்தில் 120ஆக இறங்கியது! பின்னர், குழாயைக் கட்டிக் காத்திருக்கத் தேவையில்லை என்பதும், இறைச்சிக் கூடத்தில் கிடைக்கும் மாட்டுக் கணையத்திலிருந்தே சாற்றை எடுக்கலாம் என்பதும் தெரிய வந்தன. டிசம்பரில் காலிப் என்ற வேதியியல் அறிஞர், சாற்றைத் தூய்மைப்படுத்தும் பணியில் சேர்ந்துகொண்டார். ருமேனியா நாட்டின் பாலெஸ்கு என்ற அறிஞரும் நாய்களிடம் இத்தகைய சோதனை செய்து, 1921இலேயே அதன் முடிவுகளை வெளியிட்டார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

சிறுவன் லெனார்டு

டொரான்டோ பொது மருத்துவமனையில் லெனார்டு தாம்சன் என்ற சிறுவன் சாவின் விளிம்பில் கிடந்தான். பதின்மூன்று, பதினான்கு வயதுள்ள அவனுடைய எடை 65 பவுண்டு, அதாவது 29 கிலோகிராம்தான். 1922 ஜனவரி 11ஆம் நாள் பாண்டிங்கும் பெஸ்டும் தயாரித்த சாறு அவனுக்குச் செலுத்தப்பட்டது. சர்க்கரை சிறிதே குறைந்தது. ஊசி போட்ட இடத்தில் கட்டி உண்டாயிற்று. சாறு போதிய அளவு தூய்மையாக இல்லை என்பதே காரணம்.

காலிப் இரவு பகலாக உழைத்துத் தூய்மையான சாற்றைத் தயாரித்தார். ஜனவரி 23ஆம் நாள் லெனார்டுக்கு மீண்டும் ஊசி போடப்பட்டது. 520ஆக இருந்த சர்க்கரை ஒரே நாளில் 120ஆகக் குறைந்தது. அவன் முகம் தெளிந்தது. உடலில் வலு ஏறியது. அவன் 1935 வரை உயிர் வாழ்ந்தான்.

என் வயதில் ஒருத்தி

இவ்வரலாற்றில் என் நெஞ்சை மிகவும் தொட்டது எலிசபெத் ஹியூஸ் என்ற பெண்ணின் கதையே. இவள் தந்தை அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர். செல்வமும் செல்வாக்கும் இருந்தென்ன? பதினோரு வயதில் நீரிழிவு வந்தது. மூன்று ஆண்டுகள் பட்டினி உணவிலேயே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 1922 ஆகஸ்டில், தன் பதினைந்தாம் பிறந்த நாளுக்குச் சில நாட்களுக்கு முன்பு, டாக்டர் பாண்டிங்கிடம் அழைத்து வரப்பட்டபோது அவள் எடை ஏறத்தாழ 20 கிலோகிராம்தான். பிடித்தால் விழுந்துவிடும் காய்ந்த சருகு போல இருந்தாள்.

இன்சுலின் செலுத்தப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவள் ரொட்டியும் உருளைக்கிழங்கும் வயிறாரச் சாப்பிட்டாள். வாரத்துக்கு வாரம் எடை கூடியது. தானே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றாள். பிற்காலத்தில் திருமணம் செய்துகொண்டு மூன்று மக்களைப் பெற்று, 1981இல்தான் மறைந்தாள். அதுவரை அவள் போட்டுக்கொண்ட ஊசிகள் நாற்பதாயிரத்துக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பதினைந்து வயதில் முடிந்துவிட இருந்த வாழ்வு எழுபத்து மூன்று வயது வரை நீண்டது!

ஒரு டாலருக்கு விற்ற உரிமை

இன்சுலினின் காப்புரிமையைத் தம் பெயரில் வைத்திருந்தால் பாண்டிங் கோடீசுவரர் ஆகியிருக்கலாம். முதல் மாதம் 4 டாலர் சம்பாதித்தவர் அல்லவா அவர்! ஆனால் 1923இல் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் அவ்வுரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டனர். மருந்து எவர் ஒருவரின் தனிச் சொத்தாகவும் ஆகிவிடக் கூடாது என்பதே அவர்கள் நோக்கம்.

1923இல் பாண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. தம்முடன் தோளோடு தோள் நின்று உழைத்த பெஸ்டை விட்டுவிட்டார்களே என்று பாண்டிங் சினந்தார். தம் பரிசுப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மக்லியாடும் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். இந்நால்வருக்குள் மனத்தாங்கல்களும் சச்சரவுகளும் இருந்தது உண்மையே. பாண்டிங் முன்கோபமுடையவர். எனினும் நால்வரின் உழைப்பும் சேர்ந்தே மருந்து உருவாயிற்று. ஒருவர் யோசனை, ஒருவர் உழைப்பு, ஒருவர் தூய்மை செய்யும் திறமை, ஒருவர் வழிகாட்டுதல் என்று நான்கும் தேவைப்பட்டன. மருத்துவத்துக்கான நோபல் பரிசை மிக இளம் வயதில் பெற்றவர் இன்றளவும் பாண்டிங்தான்.

செவிலியர் அறிய வேண்டியவை

மருந்தைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. அதைச் சரியாகக் கொடுப்பவர் வேண்டும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் ஆகிய ஐந்தையும் செவிலியர் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும் என்று அருட்சகோதரி எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இன்சுலினைக் கொண்டே இவற்றை விளக்குகிறேன்.

இன்சுலின் ஒரு புரதம். வாய் வழியே விழுங்கினால் பருப்பைப் போலச் செரித்துப் போய்விடும். பாண்டிங் தம் நண்பரான ஒரு நோயாளிக்கு வாய் வழியே கொடுத்துப் பார்த்தும் பயன் இல்லை. எனவே தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் ஊசியாகப் போடுகிறார்கள். ஒரே இடத்தில் போட்டால் அங்கே தடித்துப்போகும். ஆகவே வயிறு, தொடை என இடத்தை மாற்ற வேண்டும்.

இதன் அளவு யூனிட் என்று கூறப்படும். தொடக்கத்தில் ஒவ்வொரு முறை தயாரித்த சாற்றுக்கும் வீரியம் வெவ்வேறாக இருந்ததால், முயலுக்குக் கொடுத்துப் பார்த்து வீரியத்தை அளந்தார்கள். அதிகமானால் முயலுக்கு வலிப்பு வருவதையும், சர்க்கரை கொடுத்தால் அது தெளிவதையும் அன்றே கண்டார்கள்.

நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு. 100 யூனிட் உள்ளதும் உண்டு. அதனதற்கு உரிய ஊசிக் குழலையே பயன்படுத்த வேண்டும். 20 யூனிட் போடச் சொல்லியிருக்கும்போது, 100 யூனிட் மருந்தை 40 யூனிட் குழலில் 20 என்ற கோடு வரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அரை மில்லிலிட்டர், அதாவது 50 யூனிட் உடலில் ஏறிவிடும். இரண்டரை மடங்கு! கணக்குப் பாடம் எதற்கு உதவும் என்று கேட்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

திறக்காத குப்பியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. பால் போல் கலங்கலாக இருக்கும் வகையை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கியிருந்தால் பயன்படுத்தக் கூடாது. ஊசி போட்ட பிறகு, மருத்துவர் சொன்ன நேரத்துக்குள் கட்டாயம் சாப்பிட வேண்டும்.

சர்க்கரை மிகவும் குறைந்தால் வியர்வை, நடுக்கம், பசி, படபடப்பு, தடுமாற்றம் உண்டாகும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுகோசையோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மீண்டும் கவனிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நம் தாத்தா பாட்டிமார் சிலர் சாப்பிடும் மெட்பார்மின் போன்ற மாத்திரைகள் வேறு வகை நீரிழிவுக்கு உரியவை. இன்சுலின் சுரக்காத பிள்ளைக்கு அவை இன்சுலினுக்கு ஈடாகா.

இறுதி நாட்கள்

பாண்டிங் ஓவியம் தீட்டுவதில் வல்லவர். ஜாக்சன் என்ற புகழ் பெற்ற ஓவியருடன் 1927இல் வடதுருவப் பனிப் பகுதிக்குச் சென்று படங்கள் வரைந்தார். 1934இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் மீண்டும் இராணுவ மருத்துவப் பணியில் ஈடுபட்டார். 1941 பிப்ரவரி 20ஆம் நாள் அவர் இங்கிலாந்துக்குப் பயணம் செய்த விமானம் நியூபவுண்ட்லாந்தில் விழுந்து நொறுங்கியது. படுகாயமுற்ற அவர் மறுநாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 49.

அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. டாரதி ஹாட்கின் என்ற அம்மையார் பல்லாண்டு உழைத்து 1969இல் இன்சுலின் மூலக்கூறின் வடிவத்தை வெளிப்படுத்தினார். 1982 முதல், நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்பட்ட மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது. பாண்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் நாள் 1991 முதல் உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

தோழியரே! இன்சுலின் நீரிழிவை அடியோடு போக்கும் மருந்து அன்று. ஒவ்வொரு நாளும் அளந்து போட்டு, அளந்து உண்டு வாழ வேண்டும். இப்போது எங்கள் விடுதித் தங்கை ஊசி போட்டு முடித்ததும் உணவறையில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். அவள் இட்லியைச் சாப்பிட்ட பிறகே நாங்கள் இருவரும் எழுந்திருப்போம். என் பாவாடைப் பையில் ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை எப்போதும் இருக்கும். இந்த ஆண்டு விளையாட்டு விழாவில் அவள் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாம் பரிசு பெற்றாள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் செவிலியர் பயிற்சியில் சேர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இறையருளும், ஆசிரியர்கள், பெற்றோரின் ஆசியும் துணை நிற்கட்டும். நீங்களும் உங்கள் வகுப்பில் இத்தகைய தங்கை ஒருத்தி இருந்தால், விலகிப் போகாமல் அருகில் அமருங்கள். அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.